அருவியைப் பிணைத்தவள்

ஆரணி கீழ்த்தறித் தெருவுக்கு அருவி வந்தது ஆவணி அமாவாசைக்கு மறுநாள் காலை, பால் வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால். தெருவின் நடுவில் இருக்கும் பச்சையப்பன் வீட்டுப் பின்கட்டில், துணி காயப்போடும் கொடிக்கு மேலே, பக்கத்து மாடித் தண்ணீர்த்தொட்டியைவிட உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து புறப்பட்டு அது துவைக்கிற கல்லின்மேல் விழுந்தது. ஊருக்குள் மலை கிடையாது. மலை இல்லாத ஊரில் அருவி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று முதல் நாள் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். மறுநாள் யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் பட்டு நூல் விலை ஏறியிருந்தது, மல்லிகை விலை இறங்கியிருந்தது, அருவி வந்திருந்தது. இதில் நூலுக்கும் அருவிக்கும் சம்பந்தம் உண்டு என்பதால் நூலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பச்சையப்பன் வீட்டில் ஒரே ஒரு தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. நெசவு பார்க்காதவர்கள் மிரள வேண்டாம், தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவில் சில சேலைகள் வரும். பாவு தீரப்போகிற நேரத்தில் அதை முழுக்க அறுத்துவிடாமல், பழைய பாவின் வால் நுனிகளோடு புதுப் பாவின் தலை நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். அதைத்தான் பிணைப்பது என்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போட்டால் தறியில் சிக்கும் என்பதால் முடிச்சுக் கிடையாது. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, அவ்வளவுதான். இந்த வேலையில் பச்சையப்பன் மனைவி தெய்வநாயகிக்கு இணையாக அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அவள் பிணைத்த இழை விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒருமுறை இளவட்டங்கள் பந்தயம் கட்டி இழுத்துப் பார்த்ததில் தறியின் தூண் நகர்ந்ததே தவிர இழை நகரவில்லை. அந்தத் தூண் இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

தேசூரிலிருந்து கல்யாணமாகி வந்த மறுநாளே தெய்வநாயகி கணவரிடம் ஒன்று கேட்டாள். அவள் பிறந்த வீட்டுச் சுவரில் அருவிப் படம் போட்ட காலண்டர் ஒன்று வருஷம் முடிந்தும் கழற்றப்படாமல் தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். நேரில் ஒரு அருவி பார்க்க வேண்டும், அதுவும் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றாள். பச்சையப்பன் தங்கமான மனிதர், மறுக்கவில்லை. “இந்தப் பாவு முடியட்டும் நாயகி, போலாம்” என்றார். ஆனால் அந்த வீட்டில் பாவு முடிவதே இல்லை. பச்சையப்பன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அவருடைய அப்பா ஒரு பாவை முழுக்க அறுத்து, தறியைக் காலியாக விட்டு, ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லி பெங்களூர் பஸ் ஏறியவர், வரவேயில்லை. காலித் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, வளர்ந்து தானே தறியில் இறங்கிய நாளிலிருந்து அதை ஒரு பொழுதும் காலியாக விட்டதில்லை. காலித் தறி ஆளை வெளியே அனுப்பும், திரும்ப விடாது என்பது அவர் நம்பிக்கை. தெய்வநாயகிக்கு இது தெரியும். அதனால் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு புதுப் பாவு வரும்போதும் உட்கார்ந்து ஒரு இழை விடாமல் பிணைத்தாள். தன்னுடைய பயணத்தைத் தன் விரலாலேயே தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. அப்படியே மகள் சுபலட்சுமி பிறந்து, படித்து, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள்.

வேன் பேசியது சுபலட்சுமிதான். ஜவ்வாது மலையின் சரிவில் ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது, உள்ளேயே அருவி இருக்கிறது, மானும் மயிலும் கைக்கெட்டும் தூரத்தில் திரிகின்றன என்று கேள்விப்பட்டு, தெருப் பெண்களையெல்லாம் சேர்த்தாள். அமாவாசைக்குத் தறி ஓடாது, அதனால் அன்றைக்கே கிளம்புவதாக ஏற்பாடு. அப்பாவையும் கூப்பிட்டாள். பாவு தீர்கிற நேரம், நாளைக்குப் பிணைத்தாக வேண்டும், நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். வேனில் ஏறும்போது எதிர்வீட்டு ரங்கம்மாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தாள்.

“இன்னாடி நாயகி, உம் புருஷன் தறிக்குழியிலயே வேர் வுட்டுட்டாரா? தண்ணி ஊத்திட்டு வந்தியா?”

“ஊத்தினேங்க்கா. ஒரு இலைகூட வரல” என்றாள் தெய்வநாயகி. வேன் சிரித்துக்கொண்டே நகர்ந்தது.

தோட்டத்து வாசலில் பைகளைச் சோதித்தவள் மதிவதனி. வெம்பாக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவள் இந்தத் தோட்டத்துக்கே பொறுப்பாளராக வந்திருக்கிறாள். பிளாஸ்டிக் உள்ளே போகக் கூடாது என்று ரங்கம்மாளின் முறுக்குக் கவரை வாங்கிக்கொண்டாள். முறுக்கையும் வாங்கிக்கொள்வாளோ என்று பயந்த ரங்கம்மாள் அத்தனையையும் மடியில் கொட்டிக்கொண்டு நடந்தாள். அதனாலேயே அன்றைக்கு மான்களெல்லாம் அவள் பின்னாலேயே வந்தன. ஒவ்வொரு மரத்திலும் பெயர்ப் பலகை இருந்தது. பெண்கள் படித்துப் பார்த்து, தெரிந்த மரமாக இருந்தால் நலம் விசாரிக்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். ஆமைக் குளத்தருகே எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார்கள். ஆண் மயில் ஒன்று தோகை விரித்ததைப் பார்த்து, இந்தப் பச்சையை எந்தச் சாயக்காரரிடம் கேட்டாலும் இல்லை என்பாரே என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. அப்புறம்தான் பாறைத் திருப்பம் வந்தது, அருவி வந்தது.

மற்றவர்கள் கூவிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். தெய்வநாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். பாறை உச்சியிலிருந்து அடிவரை ஒரே சீராக இழுத்துக் கட்டிய வெள்ளைப் பாவு. தளர்ச்சி இல்லை, சிக்கல் இல்லை. காலண்டரில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு இழை தனியே பிரிந்து, பாறையில் படாமல், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நெசவு வீட்டுப் பெண்ணின் கண்ணில் தனியாக ஆடுகிற நுனி பட்டால் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் இருக்கிறவளின் முந்தானையில் நூல் பிரிந்திருந்தாலும் எட்டி எடுத்து முறுக்கிவிட்டுத்தான் அட்சதை போடுவார்கள். அந்த நேரம் தெய்வநாயகி, இந்த மனுஷர் இதைப் பார்த்திருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டில் நெற்றி விபூதியைத் தொட்டது, ஆடிக்கொண்டிருந்த தண்ணீர் இழையைப் பிடித்தது, தன் முந்தானைக் குஞ்சத்தின் ஒரு நூலோடு சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கியது. பிறகு அவளும் தண்ணீரில் இறங்கினாள். தலை நனைய, சேலை நனைய, மகளோடு கைகோத்து நின்று சிரித்தாள். முறுக்கியது அவளுக்கே ஞாபகம் இல்லை.

வேன் புறப்பட்டதும் அருவி பின்னாலேயே புறப்பட்டது. நூற்கண்டு உருள்கிற மாதிரி, சத்தமில்லாமல், ஒரு இழையாகப் பிரிந்து சாலையோரம் வந்தது. படவேட்டு வாழைத்தோப்புகளுக்கு நடுவே அது மின்னியதைப் பார்த்தவர்கள் புதிதாக ஏதோ கம்பி இழுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். சந்தவாசலில் டீக்கடைக்காரர் ஒருவர் அதில் கண்ணாடி டம்ளர்களைக் கழுவி அடுக்கிவிட்டு அதைப் போக விட்டார். ஓட்டுநர் எழிலரசன், பெரணமல்லூர்க்காரன், கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது என்று தீர்மானித்து, இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினான். வீடு வந்ததும் தெய்வநாயகி ஈரச் சேலையைப் பின்கட்டுக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தாள். விடிந்து பார்த்தால் அருவி முழுவதும் வந்து சேர்ந்து, சேலைக்கு மேலே நின்று விழுந்துகொண்டிருந்தது.

தெரு அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தைக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். ரங்கம்மாள் தன் வீட்டு ஜமக்காளம், போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். துவைத்து முடித்துவிட்டு, துவைத்ததையே மறுபடி துவைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஈரத்தலையோடு வகுப்புக்குப் போனார்கள்; அவர்களைத் திட்டிய ஆசிரியர்கள் சாயங்காலம் துண்டோடு வந்தார்கள். உபரித் தண்ணீர் கால்வாய் வழியே ஓடி நாகநதியில் சேர்ந்தது; வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஆற்றில் கெண்டை மீன் பிடித்தார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து இது குடிநீர் இணைப்பா, கழிவுநீர் இணைப்பா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், அப்படியானால் தன் பிரிவு இல்லை என்று சொல்லி, ஒரு குளியல் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குள் எல்லாம் சாரல். சுவரில் பாசி, தூணில் பெரணி, அஞ்சறைப் பெட்டிக்குள் ஒரு தவளை. பட்டுப் பாவு மட்டும் நனையவில்லை. தண்ணீர் தன் இனத்தைத் தெரிந்துகொண்டதுபோல் அதைத் தொடாமல் ஒதுங்கிப் போனது.

அருவி போன வழியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து உயிர்களும் வந்து சேர்ந்தன. முதலில் பட்டாம்பூச்சிகள், அப்புறம் தூக்கணாங்குருவிகள், அப்புறம் மான்கள். மான்கள் நேராக ரங்கம்மாள் வாசலில் போய் முறுக்குக்கு நின்றன. மயில்கள் டிரான்ஸ்பார்மர் மேல் உட்கார்ந்தன. ஒன்றுக்கும் ஆபத்தில்லை, கவலைப்பட வேண்டாம், மின்சாரமே அன்றைக்கு அடக்கமாக இருந்தது. மலைப்பாம்பு ஒன்று ரேஷன் கடை வரிசையில் தன் முறை வரும்வரை பொறுமையாகக் கிடந்துவிட்டு, அரிசியை முகர்ந்து பார்த்துத் திரும்பிப் போனது. ஆமைகள் கடைசியில் வந்தன. அவற்றை சந்தவாசலில் யாரோ டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்றும், நடத்துநர் டிக்கெட் கேட்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

இத்தனையிலும் அருவியைப் பார்க்காதவர் ஆரணியில் ஒருவர்தான். பச்சையப்பன். அவருடைய முதுகுக்குப் பின்னால், பத்தடி தள்ளி அது விழுந்துகொண்டிருந்தது. தறிக்குழிக்குள் தண்ணீர் கணுக்கால்வரை நின்றது. மிதிக்கட்டையை மிதிக்கும்போதெல்லாம் குட்டி மீன்கள் அவர் பாதத்தைக் கடித்தன. கூச்சத்தில் அவ்வப்போது சிரித்தார், அந்தச் சிரிப்பில் சேலையின் உடலில் ஓரிரண்டு இடங்களில் நெசவு கொஞ்சம் துள்ளிவிட்டது. ஆனால் திரும்பவில்லை. கொல்லைப்பக்கம் போக வேண்டி வந்தால் துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி போய்வந்தார். மகள் கோபித்துக்கொண்டபோது அவர் பொறுமையாகச் சொன்னது இதுதான்: பாவு முடிந்தபிறகு பார்க்கலாம் என்று உங்கம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன், முடியாமல் பார்த்தால் சொன்ன சொல் என்ன ஆவது. மனைவியிடம் மட்டும் வேறொன்று கேட்டார். புதுப் பாவு வந்து பரணில் கிடக்கிறது, தறியில் இருப்பது ஒரு சாண் இரண்டு சாணில் தீர்ந்துவிடும், எப்போது பிணைக்கப் போகிறாய்.

“விரலெல்லாம் ஈரமா இருக்குதுங்க” என்றாள் தெய்வநாயகி.

பொய்யில்லை. அந்த வீட்டில் சாம்பல்கூடக் குழைந்துதான் கிடந்தது. ஆனாலும் வேறொரு வீட்டுக்குப் போய் விரலைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த சாம்பல் வாங்கிவர முடியும் என்பது இருவருக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் தள்ளிப் போட்ட முதல் பிணைப்பு அதுதான். அவர் மறுபடி கேட்கவில்லை. குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட்டத் தொடங்கினார்.

ஈரச் சாலையையும் மான் குளம்புத் தடத்தையும் பார்த்துக்கொண்டே மதிவதனி ஜீப்பில் வந்து இறங்கினாள். தெரு முழுக்க அவளுடைய தோட்டம் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு மானையும் தொட்டுப் பார்த்தாள், ஆமைகளைப் புரட்டிப் பார்த்தாள், எல்லாம் நலமாக இருப்பது தெரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து காபி வாங்கிக் குடித்தாள். திட்டுவாளோ, வழக்குப் போடுவாளோ என்று தெருவே எட்டிப் பார்த்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

“மானு, மயிலு எல்லாம் நடந்து வந்துடுச்சிம்மா. மரம் இன்னா பண்ணும்? அங்க பாறை மேல இருந்த பாசிலாம் காஞ்சி உதிருது. வெள்ளைக்காரன் காலத்து மரம் ஒண்ணு இருக்குது, நேத்து ஒரு பக்கத்து இலை முழுக்க கொட்டிடுச்சி. இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும், அவ்வளவுதான்.”

தெய்வநாயகிக்கு அப்போதுதான் தன் கை செய்தது ஞாபகம் வந்தது. பதறிப்போய்க் கொடியிலிருந்து சேலையை எடுத்து வந்து குஞ்சத்தைக் காட்டினாள். ஒரு பக்கம் பட்டு, ஒரு பக்கம் தண்ணீர், நடுவே விபூதி நிறத்தில் ஒரு சின்ன முறுக்கு. பிரித்துப் பார்த்தாள். அவள் பிணைத்தது அவளுக்கே பிரியவில்லை. மதிவதனி கத்தரிக்கோல் கொண்டு வரச் சொன்னாள். தண்ணீர் கத்தரிக்கோலின் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி சேர்ந்துகொண்டது. பிணைத்த இழையைப் பிரிக்கிற வழக்கம் நெசவில் இல்லை. அது தறிக்குள் போய், நெய்யப்பட்டு, சேலையோடு சேலையாக அறுபட்டுத்தான் வெளியே வரும். அதையும் நெய்த கைதான் அறுக்க வேண்டும், அறுத்த கைதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தெய்வநாயகி இதை மதிவதனிக்கு விளக்கிச் சொன்னாள். சொல்லும்போது குரல் உள்ளே தறிக்குக் கேட்கிற அளவுக்கு இருந்தது. இந்த அருவி தறிக்குள் போக வேண்டுமானால், தீரப்போகிற பாவின் வாலில் புதுப் பாவுக்குப் பதிலாக இதைத்தான் பிணைக்க வேண்டும். அறுத்தால் பின்னால் ஒன்றும் இருக்காது. தறி காலி.

நாடாச் சத்தம் நின்றது. அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. தெய்வநாயகி உள்ளே போய்க் குழி ஓரத்தில் உட்கார்ந்தாள். பச்சையப்பன் தண்ணீருக்குள் தன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தறிய காலியா வுட்டுட்டுப் போனவன் திரும்பி வந்ததில்ல நாயகி.”

“அவுரு ஒருத்தரா போனாருங்க. நாம மூணு பேருமே போவோம். வரலைன்னா, வாசலைப் பாத்துகினு ஒக்கார இந்த வூட்ல ஆளே இருக்காது.”

ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்த ரங்கம்மாளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “ஏன், நான் ஒக்கார மாட்டேனா? எனக்கு வேற இன்னா வேலை, பேஜாரு புடிச்சவுங்களா, போய்ட்டு ஜல்தி வாங்க.”

பச்சையப்பன் சிரித்துவிட்டார். மீன் கடித்ததனால் அல்ல. சாம்பல் இருக்கிறதா என்று கேட்டார். ரங்கம்மாள் தன் வீட்டு அடுப்பிலிருந்து காய்ந்த சாம்பலைக் கொட்டாங்கச்சியில் கொண்டு வந்து ஜன்னலில் வைத்தாள்.

அன்று மதியமே வேலை தொடங்கியது. தெய்வநாயகி அந்த ஒரு பட்டு நூலைக் குஞ்சத்திலிருந்து உருவி, பாவின் கடைசி இழையோடு பிணைத்தாள். பச்சையப்பன் மிதித்தார். பட்டு முன்னால் போக, தண்ணீர் பின்னால் வந்தது. இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதுக்குள் நுழைந்து, சீப்பு மாதிரியான அச்சுக்குள் நுழைந்து, சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக ஏறியது. கற்பூரம் காட்டி, குலசாமியை நினைத்து, அவர் கத்தியை எடுத்தபோது தெருவில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே இழுப்பில் அறுத்தார். கத்தரிக்கோலுக்கு ஒதுங்கிய தண்ணீர் அந்தக் கத்திக்குக் கட்டுப்பட்டு அறுந்தது. நுனி அவர் கையில் இருந்தது. மற்றபடி தறியில் ஒன்றுமில்லை, கட்டைகளும் காற்றும்தான். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் குழியிலிருந்து ஏறினார்.

அருவியைச் சுருட்டிய விதத்தை ஆரணியில் இன்றும் சொல்கிறார்கள். விடிகாலையில் தெருவில் பாவு விரித்துச் சுருட்டுகிறபோது எப்படி ஊரே இரண்டு பக்கமும் நின்று பிடிக்குமோ அப்படிப் பிடித்தார்கள். தெருக்கோடி முதல் கோயில்வரை அருவியைப் படுக்கவாட்டில் நீட்டி, குச்சி கொடுத்துச் சிக்கெடுத்து, ஈரக்கையோடு தட்டித் தட்டி, சிரித்துக்கொண்டே சுருட்டினார்கள். பிள்ளைகள் அதற்கடியில் நுழைந்து நுழைந்து ஓடினார்கள். சுருட்டிய அருவி பெரிய ஜமக்காளச் சுருள் அளவுக்குத்தான் இருந்தது. அதை எழிலரசனின் வேன் மேல் கட்டினார்கள். முன்சீட்டில் பச்சையப்பன் நுனியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, நேர் எதிரே சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நிற்கிற அருவியைத்தான் பார்ப்பேன், கட்டி வைத்த அருவியைப் பார்க்க மாட்டேன் என்றார். பின்னால் மதிவதனியின் ஜீப், அதன் பின்னால் மான்கள், மேலே மயில்கள். ஆமைகளை ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.

தோட்டத்துப் பாறையில் மதிவதனியின் ஆட்கள் சுருளை மேலே தூக்கிக் கொடுத்தார்கள். பச்சையப்பன் உச்சியில் நின்று, தறியில் பாவு ஏற்றுகிற மாதிரி நுனியைப் பாறை இடுக்கில் செருகி, இறுக்கம் பார்த்து, கையை விட்டார். அருவி ஒரு நொடி யோசித்துவிட்டு விழுந்தது. பாசி பச்சையானது. அந்தப் பழைய மரம் எல்லார் காதிலும் கேட்கிற அளவுக்கு ஒரு மூச்சு விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டே படியிறங்கி வந்தார். தெய்வநாயகி கையைப் பிடித்து அழைத்து வந்து, அமாவாசையன்று தான் நின்ற அதே இடத்தில் நிறுத்தி, இப்போது பாருங்கள் என்றாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். மேலிருந்து கீழாக, பிறகு இடமிருந்து வலமாக, இழை இழையாகப் பார்த்தார். மகள் பக்கத்தில் வந்து, எப்படிப்பா இருக்கிறது என்று கேட்டாள்.

“எங்கயும் இழை வுட்டுப் போவல” என்றார். பிறகு சட்டையோடு உள்ளே போய் நின்றார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் மேய்ந்த மான்கள் நிமிர்ந்து பார்த்தன. தோட்டத்தை மூடுகிற நேரம் வந்தது, போனது. மதிவதனி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மணி பார்க்காதவள்போல் ஆமைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது கீழ்த்தறித் தெருவில் விளக்கு வைத்திருந்தார்கள். சொன்னபடியே ரங்கம்மாள் அவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தபிறகுதான் திரும்பி வந்துவிட்டோம் என்பது பச்சையப்பனுக்கு உறைத்தது. காலித் தறியை எப்படிப் பார்ப்பது என்று வாசலிலேயே நின்றார். ரங்கம்மாள்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அனுப்பினாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு அது பெரிய காரியம்.

தறி காலியாக இல்லை. மற்ற உயிர்களோடு திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட தூக்கணாங்குருவிகள், நாகநதிக் கரையிலிருந்து புல் கிழித்துக் கொண்டு வந்து, விழுதிலும் அச்சிலும் ஒவ்வொன்றாகக் கோத்து, பாவு கட்டிவிட்டிருந்தன. காலியாக ஒரு கூடு தொங்குவதைப் பார்க்க அவற்றுக்கும் மனம் வராது போலிருக்கிறது. கடைசிக் குருவி அப்போதும் ஓர் ஓரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்தது. பச்சையப்பன் புறங்கையால் புல்லைத் தடவிப் பார்த்தார். இறுக்கம் சரியாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். மறுநாள் காலை அவள் காய்ந்த விரலில் காய்ந்த சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பரணிலிருந்த புதுப் பாவை அந்தப் புல் நுனிகளோடு பிணைத்தாள். குருவிகள் குறுக்கே வரவில்லை.

அந்தச் சேலையின் தலைப்பில் ஒரு சாண் அகலத்துக்குப் புல். வெம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனது. மணப்பெண் அக்கினியைச் சுற்றி வரும்போது எங்கிருந்தோ வந்த மான் ஒன்று தலைப்பை முகர்ந்துகொண்டு பின்னாலேயே சுற்றியது. மாப்பிள்ளை வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் ஒரு இலை போட்டார்கள். அதன்பிறகு அதே மாதிரி வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டு வருகிறார்கள். அதெல்லாம் குருவிகள் கையில் இருக்கிறது என்று பச்சையப்பன் சொல்லிவிடுகிறார்.

அருவி வெயில் காலத்தில் மெலிந்து, மழைக்குப் பெருத்து, அதன் இடத்திலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் அமாவாசைக்கு முந்தின நாள் அந்த வீட்டில் பாவை முழுக்க அறுத்துவிடுகிறார்கள். காலையில் எழிலரசன் வேனை வாசலில் நிறுத்தும்போதே பச்சையப்பன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். தெய்வநாயகிக்குத்தான் சோறு கட்ட, பின்கட்டைச் சாத்த, ரங்கம்மாளிடம் இரண்டு வார்த்தை பேச நேரமாகிவிடும். “வந்து பேசிக்கலாம் நாயகி, ஜல்தி வா” என்று அவர் ஹாரனை அமுக்குவார். எதிரே மின்கம்பியில், அலகில் ஆளுக்கொரு புல்லோடு குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், இவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பட்டும் என்று.